பலேர்மோ கையெழுத்து மூதூருக்கு எப்படி வந்து சேரும்? மனித வியாபாரத்துக்கு எதிரான சர்வதேசச் சட்டத்தை நம் நாட்டில் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கடத்தல் என்ற சொல்லைத் திருகோணமலையில் சொல்லிப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர் போர்க்காலத்தில் ஆட்களைத் தூக்கிச் சென்ற வெள்ளை வானை நினைப்பார். இளையவர் கேரளக் கஞ்சாவை நினைப்பார். மெடிக்கல் எடுத்து, வீட்டாரிடம் துஆ கேட்டுக்கொண்டு, கட்டுநாயக்கவில் கையசைத்து விமானம் ஏறிய பெண்ணை யாரோ "கடத்திவிட்டார்கள்" என்றால், "அவ விரும்பித்தானே போனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அயலவர் மட்டுமல்ல, முறைப்பாடு எழுத உட்கார்ந்திருக்கும் உத்தியோகத்தரும் அதையே கேட்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். மாதர் சங்கங்களில் இருப்பவர்கள், பிரதேச செயலகங்களில் வேலை செய்யும் உத்தியோகத்தர்கள், தொழிலுக்குப் புதிதாக வந்த சட்டத்தரணிகள் ஆகியோரை மனதில் வைத்திருக்கிறேன். உடன்படிக்கைகளில் கையெழுத்து இருக்கிறது, தண்டனைச் சட்டக்கோவையில் பிரிவும் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டின் முதல் பக்கத்தில் எதை எழுதுகிறோம் என்பதிலேயே வழக்கின் பாதி விதி முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த ஒரு பக்கத்துக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. அரச ஆவணங்களில் ஆட்கடத்தல், மனித வியாபாரம் என்று இரண்டும் வருகின்றன. வெள்ளை வான் குழப்பம் வேண்டாம் என்பதால் நான் மனித வியாபாரம் என்றே எழுதுகிறேன்.

படி 1: எந்தக் கையெழுத்து நம்மைக் கட்டுகிறது?

முதன்மையானது பலேர்மோ நெறிமுறை. நாடுகடந்த ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தோடு இணைந்த இந்த நெறிமுறையை ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்றது. இத்தாலியின் பலேர்மோ நகரில் அதே டிசம்பரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டபோதே இலங்கை ஒப்பமிட்டது. அதை உறுதிப்படுத்தி முழுதாகக் கட்டுப்பட்டதோ 2015 ஜூனில்தான். இடையில் பதினான்கரை ஆண்டுகள்.

அடுத்து சார்க் சமவாயம், 2002இல் காத்மண்டுவில் கையெழுத்தானது. பெண்களையும் சிறுவர்களையும் விபசாரத்துக்காக வியாபாரம் செய்வதை மட்டுமே அது பேசுகிறது. தோட்டத்திலோ மீன்பிடிப் படகிலோ அடிமைபோல வேலை வாங்கப்படும் ஆண் அதன் எல்லைக்குள் வரமாட்டான்.

பலர் கவனிக்காதது சர்வதேசத் தொழில் அமைப்பின் பக்கம். கட்டாய வேலைக்கு எதிரான 29ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1950இலேயே ஏற்றுக்கொண்டது. அதற்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறையை 2019இல் உறுதிப்படுத்தியது. இந்த 2019ஐ மனதில் குறித்து வையுங்கள். படி 6இல் அது பெரிய ஆயுதம். சிறுவர் உரிமைச் சமவாயம், பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயம், புலம்பெயர் தொழிலாளர் சமவாயம் ஆகியவற்றிலும் இலங்கை தரப்பு நாடுதான்.

படி 2: உடன்படிக்கை நீதிமன்ற வாசலைத் தாண்டுவது எப்படி?

இளம் சட்டத்தரணிகள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. நேரே மேல் நீதிமன்றத்தில் நின்று "பலேர்மோ நெறிமுறையின் 6ஆம் உறுப்புரையின்படி" என்று தொடங்கினால் வேலைக்காகாது. இலங்கையில் உடன்படிக்கை தானாகச் சட்டமாவதில்லை. பாராளுமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும். 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் இதை மிகக் கடுமையாகவே சொன்னது. ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்குச் சார்பாகக் கருத்துச் சொல்லியிருந்தும், உள்நாட்டுச் சட்டம் இல்லாததால் அது இங்கே செல்லாது என்று நீதிமன்றம் கையை விரித்தது. ஒரு தமிழ்க் கைதியின் வழக்கு இந்த நாட்டில் எல்லா உடன்படிக்கைகளின் எடையையும் நிர்ணயித்துவிட்டதை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கும்.

ஆனால் கதவு முழுதாக அடைபடவில்லை. அரசியலமைப்பின் 27(15) சர்வதேசச் சட்டத்தையும் உடன்படிக்கைக் கடமைகளையும் மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அதை வைத்துத் தனியாக வழக்காட முடியாதுதான். ஆயினும் உள்நாட்டுச் சட்டத்தின் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், உடன்படிக்கையோடு ஒத்துப்போகும் பொருளையே எடுக்க வேண்டும் என்று வாதிடலாம். ஆகவே முதலில் உள்நாட்டுப் பிரிவைப் பிடியுங்கள். உடன்படிக்கையை அந்தப் பிரிவுக்கு விளக்கு ஏற்றப் பயன்படுத்துங்கள்.

பிடிக்க வேண்டிய பிரிவு, தண்டனைச் சட்டக்கோவையின் 360இ. 1995இல் முதலில் சேர்க்கப்பட்டபோது ஆளை வாங்குவது, விற்பது, பண்டமாற்றுச் செய்வது பற்றியே அது பேசியது. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதைப் பலேர்மோ வரைவிலக்கணத்துக்கு அருகே கொண்டுவந்தது. வளர்ந்தவரை வியாபாரம் செய்தால் 2 முதல் 20 ஆண்டுச் சிறை, சிறுவர் என்றால் 3 முதல் 20 ஆண்டு. அதே திருத்தம் 358அ பிரிவையும் சேர்த்தது. கடன் அடிமைத்தனம், கட்டாய வேலை, அடிமைத்தனம் ஆகியவை அதற்குள் வருகின்றன. சார்க் சமவாயத்துக்கு 2005ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது.

படி 3: கதையை மூன்று துண்டாக்குங்கள்

பலேர்மோவின் 3ஆம் உறுப்புரையும் நமது 360இயும் ஒரே எலும்புக்கூட்டில் நிற்பவை. என்ன செய்தார்கள்? எப்படிச் செய்தார்கள்? எதற்காகச் செய்தார்கள்?

என்ன என்பது செயல். ஆள் சேர்த்தது, ஏற்றிச் சென்றது, கைமாற்றியது, அடைத்து வைத்தது, பெற்றுக்கொண்டது. இவற்றில் ஒன்று போதும். எப்படி என்பது வழிமுறை. மிரட்டல், பலாத்காரம், மோசடி, ஏமாற்று, ஆசை காட்டல், ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தல். எதற்காக என்பது நோக்கம். கட்டாய வேலை, அடிமைத்தனம், உறுப்பு எடுத்தல், விபசாரம், வேறு பாலியல் சுரண்டல்.

"அவ விரும்பித்தானே போனா?" என்ற கேள்விக்குப் பதில் இங்கே கிடைக்கிறது. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல என்று பலேர்மோவின் 3(ஆ) தெளிவாகச் சொல்கிறது. துபாய் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை என்று சொன்னதற்குத்தான் விமானம் ஏறிய அந்தப் பெண் சம்மதித்தாள். மஸ்கட்டில் ஓர் அறையில் பூட்டி வைத்து, வந்து பார்க்கும் எஜமானர்களில் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தியதற்கு அவள் சம்மதிக்கவில்லை. 2022 இறுதியில் சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்களின் கதை நாட்டையே உலுக்கியபோதும், "விசிட் விசாவில போனது அவங்கட பிழைதானே" என்று சொன்னவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். விசாவின் வகை ஒரு குடிவரவுக் கேள்வி. வியாபாரம் நடந்ததா என்பதற்கு அது பதில் சொல்லாது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் நடுத்துண்டு தேவையே இல்லை. ஏமாற்றினார்களா, மிரட்டினார்களா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. செயலும் நோக்கமும் போதும். அதனால் வயது என்பது சாதாரண விவரம் அல்ல.

மூதூரில் இதைச் சொல்லும்போது ஒரு பெயர் தானாக வந்து நிற்கும். 2005இல் பணிப்பெண்ணாகச் சவூதி போன ரிசானா நபீக்குக்கு அப்போது 17 வயது. பிறந்தது 1988இல். கடவுச்சீட்டிலோ 1982 என்றிருந்தது. போன அதே மாதத்தில், வேலை பார்த்த வீட்டின் கைக்குழந்தையின் மரணத்துக்காகக் கைதானார், 2013 ஜனவரி 9இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. இங்கே அவரை அனுப்பியவர்களுக்குக் கிடைத்தது போலிப் பயண ஆவணத்துக்கான இரண்டு ஆண்டுச் சிறை. 2005இல் 360இ இன்றைய வடிவில் இல்லை, அரசியலமைப்பின் 13(6) பின்னோக்கிக் குற்றஞ்சாட்ட விடாது. 2000இல் போட்ட கையெழுத்து உடனே சட்டமாகியிருந்தால் குறைந்தது சரியான கேள்விகளையாவது கேட்டிருக்கலாம். அந்தப் பிள்ளையின் வயதை மாற்றியது யார், எதற்காக, யாரிடமிருந்து எவ்வளவு வாங்கிக்கொண்டு?

ஆகவே வயதுக்குச் சான்று தேடும்போது கடவுச்சீட்டோடு நின்றுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். 2004 சுனாமியிலும் 2006 இடப்பெயர்விலும் காகிதங்களை இழந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பிறப்புப் பதிவு இல்லாதோருக்குத் தரப்படும் உத்தேச வயதுச் சான்றிதழ் இருந்தால், அது எந்த ஆண்டில், யாரின் சொல்லை வைத்து எடுக்கப்பட்டது என்றும் பாருங்கள்.

ஒரு சிறு விலகல், படகு பற்றி. கிழக்குக் கரையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியவர்களை எல்லோருக்கும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு எல்லை கடத்திவிடுவது வேறு குற்றம். குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் 45இ அதைப் பார்க்கிறது. கரையில் இறக்கியதும் உறவு முடிந்துவிட்டால் அது கள்ளப் பயணம். இறக்கிய பிறகு கடனைக் காட்டி வேலை வாங்கத் தொடங்கினால் அது மனித வியாபாரம். எது என்று படகில் வைத்தே முடிவுகட்ட முடியாது. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையோரம் வந்த ரோகிங்கியர் படகு திருகோணமலைக்குத்தான் கொண்டுவரப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர், அவர்களில் குழந்தைகள் பலர். அப்படி ஒரு படகு வரும்போது யார் ஓட்டினார்கள் என்பதோடு, இந்தப் பிள்ளை யாரோடு வந்தது, எங்கே போக இருந்தது, பயணக் கடன் யார் தலையில் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்காவிட்டால் பாதிக்கப்பட்டவர் சட்டவிரோதப் பயணி என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுவார்.

படி 4: முதல் முறைப்பாடு

உதாரணத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். கிண்ணியாவில் ஒரு தாய் உங்களிடம் வருகிறார். மகளுக்கு 24 வயது. ஏஜென்சிக்காக ஊரில் ஆள் பிடிக்கும் சப் ஏஜென்ட் ஒருவர் துபாயில் ஆஸ்பத்திரி வேலை, மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றார். குடும்பத்துக்கு முற்பணமாக இரண்டு லட்சம் கொடுத்தார். மகள் துபாயில் இறங்கியதும் வீதி வழியாக ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்டாள். அங்கே கடவுச்சீட்டும் போனும் பறிக்கப்பட்டன. இரண்டு வீடுகளில் வேலை, சம்பளம் இல்லை. திருப்பி அனுப்பப் பதினைந்து லட்சம் கேட்கிறார்கள். கூட வேலை செய்யும் பெண்ணின் போனிலிருந்து அனுப்பிய மூன்று குரல்பதிவுகள் தாயிடம் இருக்கின்றன.

பொதுவாக எழுதப்படும் முறைப்பாடு இப்படி இருக்கும்: "எனது மகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகக் கூறி ஏமாற்றிய நபரிடமிருந்து மகளைத் திருப்பி எடுத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் ஒரு கொடுக்கல் வாங்கல் தகராறைத்தான் காண்பார். சப் ஏஜென்ட் அழைக்கப்படுவார், பேச்சு நடக்கும், டிக்கெட் காசில் பாதியைத் தருகிறேன் என்பார், கையொப்பம் வாங்கப்படும். மகள் திரும்பினாலும் வழக்கு இல்லை. அடுத்த மாதம் அதே ஆள் தோப்பூரில் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டுவார்.

அதே தாயின் அதே கதையை இப்படி எழுதலாம்: "இன்ன திகதியில், இன்ன இடத்தில், இன்னார் எனது வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரி வேலை என்று கூறி எனது மகளைச் சேர்த்துக்கொண்டார். அது பொய் என்று பிறகு தெரியவந்தது. எனது கணவர் நோயாளி என்பதையும் நாங்கள் நுண்கடனில் இருந்ததையும் அறிந்து, இரண்டு லட்சம் ரூபாயைத் தந்து எங்களை இணங்கச் செய்தார். மகள் அவளது விருப்பமின்றி வேறொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இரண்டு எஜமானர்களிடம் கைமாற்றப்பட்டாள். கடவுச்சீட்டும் போனும் பறிக்கப்பட்டன. வெளியே செல்ல விடுவதில்லை. சம்பளம் தரப்படவில்லை. பதினைந்து லட்சம் தந்தால்தான் விடுவோம் என்கிறார்கள். இவை 360இ மற்றும் 358அ பிரிவுகளின் கீழான குற்றங்கள் என நம்புகிறேன்."

சேர்த்தது, கொண்டுசென்றது, கைமாற்றியது மூன்றும் செயல். பொய், வறுமையைப் பயன்படுத்தியது, ஆசை காட்டியது மூன்றும் வழிமுறை. சம்பளமில்லா வேலை, பூட்டி வைத்தல், விடுவிக்கப் பணம் கேட்டல் மூன்றும் நோக்கத்தைக் காட்டுபவை. தாய் சட்டம் பேசத் தேவையில்லை, தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னால் போதும். எதைக் கேட்டு வாங்கி எழுதுவது என்பது நம் வேலை. சர்வதேசத் தொழில் அமைப்பு கட்டாய வேலைக்குப் பதினோரு அடையாளங்களைச் சொல்கிறது. ஆவணம் பறித்தல், சம்பளம் நிறுத்தல், கடனில் கட்டுதல், தனிமைப்படுத்தல், மிரட்டல், அளவுக்கு மீறிய வேலை நேரம் ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்தப் பட்டியலைச் சிறு தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள்.

இனி நடைமுறை. வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, அது சலுகை அல்ல. சிங்களத்தில் எழுதப்பட்டால் வரிக்கு வரி வாசித்து விளக்கிய பிறகே ஒப்பமிடுங்கள். "வேலைக்காரி", "ஓடிப்போனாள்" போன்ற சொற்கள் மொழிபெயர்ப்பில் புகுந்து பின்னாளில் குறுக்கு விசாரணையில் எமனாக நிற்கும். முறைப்பாட்டு இலக்கம், புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

குரல்பதிவுகள் இருக்கும் போனை மாற்றாதீர்கள். பையன் புதுப் போன் வாங்கித் தந்தான், பழையதைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி முக்கிய சான்றை இழந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி இத்தகைய பதிவுகளை நீதிமன்றத்தில் காட்டலாம். ஆனால் விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். வங்கிச் சிட்டை, ஈஸி கேஷ் குறுஞ்செய்தி, விமானச் சீட்டின் படம், சப் ஏஜென்ட்டின் பேஸ்புக் விளம்பரம் எல்லாவற்றையும் அந்த வாரத்திலேயே எடுத்து வையுங்கள். விளம்பரம் மறுநாளே அழிந்துவிடும்.

நிலையத்தில் எழுத மறுத்தால் சண்டை பிடிக்காதீர்கள், வேறு வழிகள் இருக்கின்றன. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகம், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் மனித வியாபாரத்துக்கும் கடல்வழிக் குற்றங்களுக்கும் எனத் தனியாக உள்ள பிரிவு, தேசிய பொலிஸ் ஆணைக்குழு. எங்கே போனாலும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சிறுவர் என்றால் 1929, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989, பெண்களுக்கான உதவிக்கு 1938.

படி 5: எந்தக் குற்றச்சாட்டு?

பொலிஸ் தன் விசாரணை விவரத்தைச் சொல்லும் பீ அறிக்கையை நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது எந்தப் பிரிவுகள் இருக்கின்றன என்று பாருங்கள். மோசடி மட்டும் இருக்கலாம். அல்லது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்த்த குற்றம் மட்டும் இருக்கலாம். இரண்டும் நிரூபிக்க எளிதானவை. அதனால்தான் எல்லோருக்கும் பிடித்தவை. சேர்த்தே இருக்கட்டும். ஆனால் 360இ விடுபட்டால், பிணை தொடக்கம் இழப்பீடு வரை எல்லாமே சிறுத்துப்போகும். சட்டத்தரணி நீதவான் முன்னிலையில் இதைச் சுட்டிக்காட்டலாம். குற்றப்பத்திரிகையை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புபவர் சட்டமா அதிபர் என்பதால் அவரது திணைக்களத்துக்கும் எழுத்துமூல விளக்கம் அனுப்பலாம். பணம் போன வழியைக் காட்ட முடிந்தால் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தையும் நினைவூட்டுங்கள். ஆள் வியாபாரிக்குச் சிறையைவிட வங்கிக் கணக்கு முடங்குவதில்தான் பயம் அதிகம்.

படி 6: பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

போலி விசாவில் பயணித்தாள், எஜமானர் வீட்டிலிருந்து ஓடினாள், விடுதியொன்றில் நடந்த சோதனையில் பிடிபட்டாள். இப்படிப் பிடிபடும் பெண் மீது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பாய்வது நம் நீதிமன்றங்களில் புதிதல்ல. நூற்றெண்பது வருடம் பழைய சட்டம், அதுவும் குடியேற்ற ஆட்சியாளர் எழுதியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு அந்தப் பெண் போய்விடுவாள். அவளை அங்கே கொண்டுவந்து விட்டவன் யார் என்று கேட்க ஆளில்லை.

பலேர்மோ நெறிமுறையில் இதற்கு நேரடி விதி கிடையாது. அதனால்தான் 2019ஐக் குறித்து வைக்கச் சொன்னேன். கட்டாய வேலை நெறிமுறையின் 4ஆம் உறுப்புரை, கட்டாயப்படுத்தப்பட்டதன் நேரடி விளைவாகச் செய்த குற்றங்களுக்கு அவர்களைத் தண்டிக்காமல் விட அதிகாரிகளுக்கு உரித்து இருக்க வேண்டும் என்கிறது. இலங்கை உறுதிப்படுத்திய ஏற்பாடு இது. ஒப்புக்கொள்ளச் சொல்லுமுன் அரைமணி நேரம் தனியாகப் பேசுங்கள். "தங்கச்சி, இங்க வரமுந்தி எங்க இருந்தீங்க? ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று தொடங்கினால் போதும். வயதில் மூத்தவர் என்றால் அக்கா, ராத்தா. உத்தியோகத் தோரணையில் ஆரம்பித்தால் வாயே திறக்கமாட்டார்கள். கூட வந்திருக்கும் "உறவினர்" வெளியே இருக்கட்டும். அவர்தான் கொண்டுவந்து விட்டவராக இருக்கலாம்.

படி 7: பாதுகாப்பும் இழப்பீடும்

பலேர்மோவின் 6ஆம் உறுப்புரை தங்குமிடம், மருத்துவம், உளவளத் துணை, இழப்பீடு கேட்கும் வழி ஆகியவற்றைச் சொல்கிறது. உள்நாட்டில் அதைத் தாங்குவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி, பாதுகாப்புச் சட்டம் (2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது). மிரட்டல் வந்த அன்றே அதற்கான தேசிய அதிகார சபைக்கு எழுதுங்கள். சிறிய ஊரில் சப் ஏஜென்ட் பெரும்பாலும் ஒன்றுவிட்ட மாமாவாகவோ பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தில் இருப்பவராகவோ இருப்பார். இரவில் ஆள் அனுப்ப மாட்டார். பெண் கேட்டு வந்த சம்பந்தத்தைக் குழப்புவார். சட்டப் புத்தகத்தில் இல்லாத அந்த மிரட்டலையும் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

குற்றவாளியாகக் காணப்பட்டவரிடமிருந்து இழப்பீடு வாங்கித் தர, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும். நிறுத்தப்பட்ட சம்பளம், மருத்துவச் செலவு, அடகு வைத்த நகை எல்லாவற்றையும் கணக்காக எழுதிக் கொடுங்கள்.

படி 8: கடலுக்கு அப்பால் உள்ள சாட்சியம்

குற்றத்தின் பாதி வளைகுடாவில் நடந்திருக்கும். அல்லது மியன்மாரின் மியாவாடிப் பக்கம் நடந்திருக்கும். கணினி வேலை என்று போய் அங்கே இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கை இளைஞர்களின் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. வெளிநாட்டு ஆவணங்களைப் பெற 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கக் குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவிச் சட்டம் இருக்கிறது. அது அரசு அரசோடு பேசும் வழி, மெதுவாக நகரும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆள் சேர்ப்பு, பொய், பணம் மூன்றும் கிண்ணியாவிலேயே நடந்தவை. அவற்றுக்கான சாட்சிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வானில் கொண்டுபோய் விட்ட சாரதி, மெடிக்கலுக்குக் கூடவே போன பக்கத்து வீட்டுப் பெண், முற்பணத்தை எண்ணியபோது முற்றத்தில் இருந்த சித்தப்பா. மகள் திரும்பி வந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தங்குமிடமான சஹன பியசவில் தங்கினாளா, அங்கே என்ன வாக்குமூலம் பதிவானது என்று கேளுங்கள். அது ஊருக்கு வருமுன், உறவினர் வாயடைக்குமுன் சொன்னது. காயங்கள் இருந்தால் தாமதிக்காமல் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள்.

படி 9: அரசு அசையாவிட்டால்

அடிப்படை உரிமை மீறலுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஒரு மாதம் மிகக் குறுகியது. ஆகவே அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் எண்ணப்படாது. சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

உள்நாட்டு வழிகள் எல்லாம் தீர்ந்தால், பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் குழுவுக்குத் தனிநபர் முறைப்பாடு அனுப்பலாம். அதற்கான விருப்ப நெறிமுறையை இலங்கை 2002இல் ஏற்றுக்கொண்டது. சிங்கராசா தீர்ப்புக்குப் பிறகு இதன் பலன் என்ன என்று கேட்பீர்கள். நீதிமன்றத்தில் செல்லாதுதான். ஆனால் இலங்கை குழு முன் வந்து பதில் சொல்லும் நாளில் உங்கள் முறைப்பாடு மேசையில் இருக்கும். அரசின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க, மாவட்டத்தின் சங்கங்கள் சேர்ந்து நிழல் அறிக்கை அனுப்பவும் வழி உண்டு. கொழும்பு அமைப்புகள் எழுதும் அறிக்கைகளில் வெருகலும் குச்சவெளியும் ஒரு வரியாகத்தான் வரும். நாமே எழுதினால் ஒரு பக்கம் வரும்.

படி 10: விமானம் ஏறுமுன்

தடுப்பைப் பற்றிப் பலேர்மோவின் 9ஆம் உறுப்புரை பேசுகிறது. மேடை போட்டு விழிப்புணர்வு நடத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கடனில் மூழ்கியிருக்கும் வீட்டுக்குப் "போகாதே" என்று சொல்வது அறிவுரை அல்ல. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்கப்பட்ட, 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை சிறுபிள்ளை உள்ள தாய்மார்களைத் தடுத்தபோதும் பலர் போனார்கள். நேர்வழி அடைபட்டதால் சுற்றுலா விசா வழியாகப் போனார்கள்.

ஆகவே போகிறவரின் வீட்டில் ஓர் உறை இருக்கட்டும். கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் பிரதி, பணியகப் பதிவு இலக்கம், ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கம் (பணியகத்தில் கேட்டுச் சரிபார்த்தது), சப் ஏஜென்ட்டின் போன் இலக்கமும் படமும், ஒப்பந்தத்தின் பிரதி. முற்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு, எந்தத் திகதி, யார் முன்னிலையில் என்று ஒரு தாளில். பிறகு ஒரு குறிச்சொல். "வெள்ளாட்டுக்குத் தண்ணி வச்சீங்களா?" என்று மகள் போனில் கேட்டால், அந்த வீட்டில் ஆடே இல்லை என்பது உம்மாவுக்குத் தெரியும்.